பழைய கிராப்பு நம்ம முடிக்கு வராதா?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் முடிக்குத்தான் வரும்ணே. நம்ம முடிக்குச் செட் ஆகாதாம்." கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சரி, சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் சரி, கைப்பேசியை நீட்டியபடி முடிவெட்டும் நாற்காலியில் உட்காரும் பிள்ளைகள் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. படத்தில் எல்விஸ் பிரெஸ்லி இருப்பார். யார் சொன்னது என்று கேட்டால், "போன தடவை வெட்டுன கடையில" என்பார்கள். என் கோபமெல்லாம் அங்கேதான். கத்திரியை நம்பிப் பிழைக்கும் ஒருவர், தன் கைக்கு வராத வேலைக்கு வாடிக்கையாளரின் முடியைக் குற்றவாளியாக்குவது எந்த ஊர் நியாயம்?

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டிப் போனால் மாயவரம். 1910-இல் அங்கே பிறந்தவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1934-இல் 'பவளக்கொடி'யில் திரைக்கு வந்தார். 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. நெற்றியிலிருந்து பின்னுக்கு ஏத்திச் சீவி, காதோரம் இறக்கி, பிடரியில் சுருண்டு நிற்கும்படி விட்ட அவர் முடிக்கு 'பாகவதர் கிராப்பு' என்றே பெயர் விழுந்தது. ஊர் ஊராக இளைஞர்கள் அதை வைத்துக்கொண்டார்கள். அது கனத்த, கறுத்த, அலையலையான தமிழ் முடி. அந்தக் கனம் இருந்ததால்தான் அந்தக் கிராப்பு நின்றது. மெலிந்த இழை உள்ளவர்கள்தான் ஏத்திச் சீவிய முடி படுத்துப்போகிறதே என்று கவலைப்பட வேண்டும். நமக்கு ஆண்டவன் கொடுத்த முடி இந்த வேலைக்கென்றே கொடுத்தது.

பிறகு ஏன் நிற்பதில்லை? வெட்டு தப்பு. காதுக்கு மேலே ஒரு சாண் ஜீரோ மெஷினை ஏற்றிவிட்டு, உச்சியில் மட்டும் ஒரு கொத்தை விட்டால் அது பழைய கிராப்பு ஆகாது. பாகவதரைப் போலப் பிடரியில் நீளமாக விடாத 1940, 50களின் கிராப்புகளைப் படங்களில் கூர்ந்து பாருங்கள். பக்கவாட்டில் தோல் தெரியாது, கோடும் தெரியாது. பிடரியில் ஒட்ட இருக்கும் முடி மேலே போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். அதற்குச் சீப்பும் கத்திரியும்தான் வேண்டும். பிடரியில் சீப்பைத் தோலோடு ஒட்டி வைத்து, மேலேற ஏற வெளிப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டே வந்து, பல்லுக்கு வெளியே நீட்டுவதை மட்டும் வெட்ட வேண்டும். சீப்பு நிற்காமல் ஏறணும், கத்திரியும் நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் படிக்கட்டு விழுந்துவிடும்.

அதைவிடப் பெரிய அநியாயம் தின்னிங் கத்திரி. "முடி ரொம்ப அடர்த்தி, குறைச்சு விடறேன்" என்று வேருக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள். பத்து நாளில் அந்தக் குட்டை முடிகள் விறைத்துக்கொண்டு மேல்முடியை முட்டித் தூக்குகின்றன. அப்புறம், "பார்த்தியா தம்பி, உன் முடி படியவே மாட்டேங்குது" என்று பையனையே குறை சொல்கிறார்கள். தின்னிங் போடுவதென்றால் நுனிப் பாதியில் போட வேண்டும், அதுவும் அளவாக.

அடுத்து சுழி. வகிடு எந்தப் பக்கம் என்பதைப் படம் தீர்மானிக்காது, உச்சிச் சுழிதான் தீர்மானிக்கும். பெரும்பாலோருக்குக் கடிகார முள் போகும் திசையில் சுழி இருக்கும். அவர்களுக்கு இடது வகிடு தானாகவே படியும். ஈரத் தலையைப் பின்னுக்குச் சீவி, உள்ளங்கையால் முன்னுக்கு லேசாகத் தள்ளினால் முடி தானே பிளந்து வழி காட்டும். அந்த வழியை விட்டு வேறிடத்தில் வகிடு எடுத்தால் எத்தனை டப்பா தடவினாலும் மதியத்துக்குள் கலைந்துவிடும்.

"கடல் காத்துக்கு நிக்காது" என்பார்கள். இதில் மட்டும் பாதி உண்மை உண்டு. ஈரம் பட்டால் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும், காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் மறுபடி சேரும். அதனால்தான் ஈரமாக இருக்கும்போதே சீவி, டிரையரில் முழுக்கக் காயவைக்கச் சொல்கிறேன். தேவனாம்பட்டினத்துக் கடற்கரை ஈரக்காற்று அதைத் திரும்ப அவிழ்க்கப் பார்க்கும். தண்ணீரில் கரையும் ஜெல் அந்தக் காற்றில் பிசுபிசுத்துவிடும். ஜெல்லுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவினால், அது 24 டிகிரியிலேயே உருகும். மார்கழி விடியலைத் தவிர இந்த ஊரில் அது என்றைக்கு உறைந்திருந்தது? தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். மெழுகு கலந்த தலைப்பூச்சான பாமேடு வெயிலிலும் காற்றிலும் பிடித்து நிற்பது அதனால்தான். சுண்டைக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் சூடுவரத் தேய்த்து, பின்னிருந்து முன்னுக்குத் தடவுங்கள். நெற்றி முடியில் ஆரம்பித்தால் மொத்தமும் அங்கேயே அப்பிக்கொள்ளும்.

பாமேடு போட்டால் வழுக்கை விழும் என்பது புளுகு. ஆண்களின் வழுக்கைக்கு மரபும் டி.எச்.டி. என்னும் ஹார்மோனும் காரணம்; அது நடப்பது தோலுக்கு அடியில், முடியின் வேரில். ராத்திரி அலசாமல் படுத்தால் நெற்றியில் பரு வரலாம், அவ்வளவுதான். உப்புத் தண்ணியில் குளித்து முடி இற்றுப்போகிறது என்று கடலூரில் புலம்பாத வீடில்லை. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனைத் தோல் மருத்துவர்கள் அந்த மாதிரிக் கடினநீரில் ஊறிய முடியையும் சுத்திகரித்த நீரில் ஊறிய முடியையும் இழுத்துச் சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள்: வலுவில் வித்தியாசமில்லை. மழித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பதை மில்ட்ரெட் டிராட்டர் என்னும் ஆய்வாளர் 1928-லேயே ஆராய்ந்து பார்த்து, இல்லை என்று சொல்லிவிட்டார். ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எல்விஸ் மாதிரி முன்னால் ஏற்றி நிறுத்த நாலு அங்குலமாவது வேண்டும். சம்மர் கட்டிங் அடித்த தலையோடு வந்து நாளை மறுநாள் அக்கா கல்யாணம் என்றால் யாராலும் முடியாது. பத்து மாதம் விடுங்கள். நடுவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிடரியையும் காதோரத்தையும் மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

பொறுமை உங்களுக்கு மட்டுமல்ல, எங்கள் தொழிலுக்கும் வேண்டும். கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் சிதம்பரம் கீழ வீதியிலும் இன்று வேலைக்கு வரும் பையன்கள் முதல் நாளே மெஷினைக் கையில் எடுக்கிறார்கள். சீப்பு வைத்துக் கத்திரியால் வெட்டுவதற்குக் கை பழக வருஷங்கள் ஆகும். அதைச் சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடிக்கொண்டிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் மூன்று தலை முடிந்தால்தான் வாடகை கட்ட முடியும் என்கிற நிலையில், முக்கால் மணி நேரம் பிடிக்கும் வேலையை எவன் கற்பான்? ஆகவே அடுத்த முறை உட்காரும்போது படத்தை மட்டும் காட்டாதீர்கள். "பக்கத்துல மெஷின் வேணாம், சீப்பு வெச்சு வெட்டுங்க, தின்னிங் வேணாம்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூட்டமில்லாத வேலைநாள் காலையில் போங்கள். கத்திரியை எடுத்தவரை அவசரப்படுத்தாதீர்கள். பக்கத்தில் நின்று பார்க்கும் சின்னப் பையன் இருந்தால், அவனுக்கும் உங்கள் பிடரியில் ரெண்டு வெட்டு பழக இடம் கொடுங்கள். கூடுதலாகக் கேட்கும் ஐம்பது, நூறைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.