மருத்துவச் சொற்கள் மனதில் நிற்க...

நர்சிங், ஃபார்மசி, லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருக்கும் முதலாண்டு மாணவர்களே! பெரிய பெரிய சொற்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

● பள்ளியில் படித்த பகுபத இலக்கணம்தான் இங்கும். சொல்லைப் பகுதி, விகுதி எனப் பிரியுங்கள். 'காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்': காஸ்ட்ர் என்றால் இரைப்பை, என்டர் என்றால் குடல், ஐட்டிஸ் என்றால் அழற்சி. நடுவில் வரும் 'ஓ' நம் சாரியை போல, உச்சரிப்புக்காக வருவது.

● விகுதியிலிருந்து தொடங்குங்கள். 'எக்டமி' வெட்டி நீக்குதல். 'ஆட்டமி' கீறித் திறத்தல். 'ஆஸ்டமி' புதிய திறப்பு உண்டாக்குதல்.

● ஒரே உறுப்புக்கு இரண்டு வேர்கள் இருக்கும். சிறுநீரகத்துக்குக் கிரேக்க வழியில் 'நெஃப்ரோ', லத்தீன் வழியில் 'ரீனல்'. இரண்டையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.

● இரட்டையர்களிடம் கவனம் தேவை. 'இலியம்' என்ற ஒரே ஒலிப்பில் இரண்டு சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்றாம் எழுத்து 'இ' (e) என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. 'ஐ' (i) என்றால் இடுப்பெலும்பின் மேற்பகுதி. 'ஹைப்பர்' மிகுதி, 'ஹைப்போ' குறைவு.

● தினமும் பத்துச் சொற்கள் போதும். அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள். வாய்விட்டுச் சொல்லி, பார்க்காமல் எழுதிப் பழகுங்கள். மறுநாளும், வாரக் கடைசியிலும் திரும்பப் பாருங்கள்.

ஓர் எழுத்து மாறினால் உறுப்பே மாறிவிடும். சந்தேகம் வந்தால் ஊகிக்காதீர்கள், கேட்டுத் தெளியுங்கள். நாளை ஒரு நோயாளியின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.