வராத மாணவருக்குப் பூச்சியமா? – இனமாற்றம் கற்பிக்க ஒரு வழி

பருவத் தேர்வு மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றிவிட்டுச் சராசரி பார்த்தேன். ஐவர் குழு ஒன்றில் நால்வர் பெற்றவை 80, 70, 60, 90. ஐந்தாமவர் தேர்வுக்கு வரவில்லை. சராசரி 75 வர வேண்டும், 60 வந்தது. 'வரவில்லை' என்பதை மென்பொருள் 0 ஆக்கியிருந்தது. காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை, தேர்வெழுதி ஒன்றும் பெறாத பிள்ளையாகிவிட்டது.

மேல்நிலை வகுப்பில் நாம் கற்பிக்கும் இனமாற்றம்தான் இங்கே நடந்தது. உள்ளுறை இனமாற்றம் தானாக நடக்கும். வெளிப்படை இனமாற்றம் நாம் கேட்டால்தான் நடக்கும். எண், எழுத்துச்சரம் போன்ற தரவினங்களுக்கு விதிகள் ஏற்கெனவே உள்ளன. 'மதிப்பெண்' என்று நாமே ஒரு தரவினத்தை உருவாக்கினால், விதியையும் நாமே வகுக்க வேண்டும்.

மூன்று நிலைகள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இதற்கு 'கிரியேட் காஸ்ட்' என்ற கட்டளை உண்டு. அதில் மூன்று நிலைகள்:

1. வெளிப்படை: கேட்டால் மட்டுமே மாறும். நாம் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் இதுவே பொருந்தும்.
2. மதிப்பிருத்தல்: அட்டவணையில் சேமிக்கும்போதும் தானாக மாறும்.
3. உள்ளுறை: எந்தக் கோவையிலும் தானாக மாறும்.

முழு எண் தசம எண்ணாகும்போது இழப்பில்லை. எனவே அது உள்ளுறை. தசம எண் முழு எண்ணாகும்போது பின்னம் போய்விடும். எனவே அது மதிப்பிருத்தல். தசம மதிப்பு 45.5-ஐ முழு எண் நெடுவரிசையில் சேமித்தால் 46 ஆகும்.

நம் தரவினத்துக்கு

முழு எண்ணை 'மதிப்பெண்' ஆக்குவது மதிப்பிருத்தல் நிலையில் இருக்கட்டும். 0 முதல் 100 வரை உள்ளதா என மாற்றும் செயற்கூறு சரிபார்க்கட்டும். 'மதிப்பெண்'ணை முழு எண்ணாக்குவது வெளிப்படையாக மட்டுமே நடக்கட்டும். 'வரவில்லை' என்பது 0 ஆகாமல் வெற்று மதிப்பாகட்டும். சராசரி காணும் செயற்கூறு வெற்று மதிப்பைக் கணக்கில் சேர்க்காது. விடை 75 என வரும்.

தாராளமான உள்ளுறை மாற்றம் பிழையை மறைக்கும். 2008-இல் வெளியான 8.3 பதிப்பில், எண், தேதி போன்றவை எழுத்துச்சரமாகத் தானே மாறுவது பெருமளவு நீக்கப்பட்டது. பழைய நிரல்கள் பல பிழை காட்டின. அதுவரை கண்ணில் படாத தவறுகளும் அப்போதுதான் வெளிப்பட்டன.

வகுப்பறைச் செயல்பாடு

கைபேசி எண், பிறந்த தேதி, வருகை, மதிப்பெண் ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றினால் எது தொலையும் என்று மாணவர்களைக் கேளுங்கள். தொலைவது இருந்தால், கேட்காமல் மாற்றக் கூடாது. இந்த ஒரு விதியை அவர்களே சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது.