ஒளியால் அளக்கப்படும் ஹீமோகுளோபின்

ஒரே பரிசோதனைக்காக மறுமுறை ரத்தம் கேட்கும்போது, “முதலில் எடுத்தது என்னவாயிற்று?” என்று நோயாளிகளும் உடன் வந்தோரும் வினவுவது இயல்பே. பென்னலூரிலும் ஒரகடத்திலும் இரவுப் பணி முடித்து நேரே இங்கு வரும் பெண்களுக்கு அது வீண் அலைச்சலாகவே தோன்றும். ஹீமோகுளோபின் அளக்கப்படும் விதத்தை அறிந்தால் காரணம் விளங்கும்.

முற்காலத்தில் ரத்தத்தை அமிலத்தில் கலந்து, உண்டாகும் பழுப்பு நிறத்தை மாதிரிக் கண்ணாடியுடன் கண்ணால் ஒப்பிட்டனர். சாலி முறை எனப்படும் அதில் பார்ப்பவருக்கேற்ப விடை மாறிற்று. இன்று கண்ணின் வேலையைக் கருவி செய்கிறது. 20 மைக்ரோலிட்டர் ரத்தம் 5 மில்லிலிட்டர் டிராப்கின் கரைசலில் கலக்கப்படுகிறது. ஹீமோகுளோபின் நிலையான நிறமுள்ள சேர்மமாகிறது. அதனூடே 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி செலுத்தப்படுகிறது. (தானியங்கிக் கருவிகள் பலவற்றில் சயனைடு இல்லாத வேறு கரைசல் பயன்படுகிறது, தத்துவம் ஒன்றே.) ஒரு கரைசல் பாதி ஒளியை வெளிவிடுமானால், அதைப்போல் இருமடங்கு செறிவுள்ளது கால் பங்கையும், மும்மடங்குள்ளது அரைக்கால் பங்கையுமே வெளிவிடும். 1760இல் லாம்பெர்ட்டும் 1852இல் பீரும் வகுத்த விதி இது.

இவ்விதி தெளிந்த கரைசலுக்கே பொருந்தும். ரோஸ் சர்பத்தையும் ரோஸ் மில்க்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு எசன்ஸ் இருந்தாலும், பால் ஒளியைச் சிதறடித்து மறைத்துவிடும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுந்தால் பிளாஸ்மாவும் அவ்வாறே பால்போல் ஆகிறது. மறைந்த ஒளி முழுவதையும் ஹீமோகுளோபினே உறிஞ்சியதாகக் கருவி கணக்கிடும். உண்மையில் 10 கிராம் உள்ள பெண்ணுக்கு 12 என்று காட்டக்கூடும். கருவுறாத பெண்ணுக்கு ரத்தசோகையின் எல்லையே 12 கிராம்தான். ஆகவே அவர் மருந்தின்றி வீடு திரும்பிவிடுவார். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறும்போது, இப்பிழையைச் சிறிதென்று நாங்கள் கருத இயலாது.

சிவப்பணுக்களின் கன அளவு விழுக்காடு, ஹீமோகுளோபினைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு இருக்க வேண்டும். பொருந்தாவிடில் ஆய்வகத்தார் ஐயுறுவர். பிளாஸ்மாவை நீக்கி உப்புநீர் சேர்த்து மீண்டும் அளப்பர், அல்லது புதிய மாதிரி கேட்பர். ஹீமோகுளோபினுக்கு மட்டுமெனில் வெறும் வயிறு தேவையில்லை. எனினும் கட்டுப்படாத நீரிழிவோ, முந்தைய அறிக்கையில் மிகுந்த டிரைகிளிசரைடோ இருப்பின், ரத்தம் எடுப்பவரிடம் முன்னரே தெரிவியுங்கள்.