தாத்தார் முஸ்லிம்களின் பத்திரிகைகளும் தணிக்கையும்

பத்திரிகையை மூடிவிடுவது ஒருவகைத் தணிக்கை. மக்கள் படித்துப் பழகிய எழுத்தையே மாற்றிவிடுவது அதனினும் கொடிய தணிக்கை. இவ்விரண்டையும் அனுபவித்தும் தம் மொழியைக் கைவிடாதவர்கள், ருஷ்யாவில் வல்கா நதி பாயும் காஸான் பகுதியில் வாழும் தாத்தார் முஸ்லிம்கள். அவர்களுடைய வரலாறு வணிகப் பெருமக்களாகிய நாம் அறிய வேண்டியதாகும்.

1552ஆம் ஆண்டில் காஸான் ருஷ்ய மன்னர் நான்காம் ஐவான் வசமாயிற்று. அதன்பின் வந்த ஜார் அரசாங்கம், காஸான் தாத்தாரியர் தம் மொழியில் செய்திப் பத்திரிகை நடத்த 1905 வரை இடங்கொடுக்கவில்லை. அறிஞர் கையூம் நாஸிரி (1825–1902) அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. அவர் சோர்ந்துவிடாமல், 1871 முதல் காலண்டர் வெளியிடலானார். அதிலேயே அறிவியல், பூகோளம், இலக்கியம் ஆகியவற்றைச் சேர்த்து வீடுதோறும் அனுப்பினார். காலண்டரே பத்திரிகையின் வேலையைச் செய்தது.

1905ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் கதவு திறந்தது. அவ்வாண்டிலேயே பீட்டர்ஸ்பர்க் நகரில் ‘நூர்’ தோன்றியது. 1906இல் ஓரன்பர்க் நகரில் ‘வக்து’ பத்திரிகையும், 1908இல் ‘ஷூரா’ சஞ்சிகையும் வெளிவந்தன. இவ்விரண்டுக்கும் பொருளுதவி செய்தவர்கள் யார்? தங்கச் சுரங்க முதலாளிகளான ஷாக்கிர் ராமியேவ், ஜாக்கிர் ராமியேவ் என்னும் சகோதரர்களே! ஜாக்கிர், ‘தர்த்மந்து’ என்னும் புனைபெயரில் கவிதை எழுதியவருமாவார். தங்கத்தில் ஈட்டிய பொருளை அவர்கள் தாளுக்கும் மைக்கும் செலவிட்டனர். ‘வக்து’க்கு ஃபாத்திஹ் கரீமியும், ‘ஷூரா’வுக்கு மார்க்க அறிஞர் ரிஸாவுத்தீன் பின் ஃபக்ருத்தீனும் ஆசிரியர்கள்.

1918இல் போல்ஷெவிக்குகள் ஆட்சியில் ‘வக்து’ நின்றது. 1922இல் சோவியத் அரசு தணிக்கைக்கென்றே தனி இலாகா அமைத்தது. அவ்வாண்டிலேயே காஸானில், ‘நம் வழி’ என்று பொருள்படும் பெயருடன் ஓர் இலக்கியச் சஞ்சிகை தொடங்கிற்று. கட்சியின் கொள்கை மாற மாற அதன் பெயரும் மாறியது. ஒரு சமயம் ‘தாக்குதல்’ என்றும், பின்னர் ‘சோவியத் இலக்கியம்’ என்றும் அழைக்கப்பட்டது.

எழுத்தும் தப்பவில்லை. நூற்றாண்டுகளாக வழங்கிய அரபு லிபி 1927இல் நீக்கப்பட்டு லத்தீன் லிபி வந்தது. 1939இல் அதுவும் போய் ருஷ்ய லிபி வந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் இரு மாற்றங்கள்! பாட்டனார் சேர்த்துவைத்த ‘ஷூரா’ இதழ்கள் பேரனுக்கு வெறும் கோடுகளாயின. கரீமி 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்தாளர் ஆலிம்ஜான் இப்ராஹீமோவ் 1938இல் சிறைக்காவலில் மாண்டார். கவிஞர் ஹஸன் தூஃபான் 1940 முதல் 1956 வரை சிறையிலும் நாடுகடத்தலிலும் கழித்தார்.

‘இதேகேய்’ என்னும் பழங்காவியத்தை அச்சஞ்சிகை 1940இல் வெளியிட்டது. 1944 ஆகஸ்ட் 9ஆம் தேதி மாஸ்கோவிலிருந்த கட்சித் தலைமை அக்காவியத்தைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. அதே மாதம் 25ஆம் தேதி, போர்க்கைதியாயிருந்து நாஜிகளை எதிர்த்து இரகசியமாகப் பணியாற்றிய கவிஞர் மூஸா ஜலீல் பெர்லினில் கொல்லப்பட்டார். அவரையும் சொந்த அரசாங்கம் துரோகியென ஐயுற்றது. சிறையில் அவர் எழுதிய கவிதைகள் 1953இல் மாஸ்கோ இலக்கியப் பத்திரிகையொன்றில் வெளிவந்த பிறகே நிலைமை மாறியது. 1956இல் ‘சோவியத் யூனியனின் வீரர்’ பட்டம் வழங்கப்பட்டது. பழிபோக்கியதும் ஒரு பத்திரிகையே என்பதைக் கவனிக்க வேண்டும்.

1965இல் காஸான் சஞ்சிகை ‘காஸான் விளக்குகள்’ என்னும் பெயர் பெற்றது. நூறாண்டு கடந்து இன்றும் வெளிவருகிறது. அதே 1965இல் அமீர்கான் யெனிக்கி, ‘சொல்லப்படாத வஸிய்யத்’ என்னும் கதையை எழுதினார். பட்டணத்துப் பிள்ளைகளிடையே மரணப்படுக்கையில் கிடக்கும் கிராமத்து மூதாட்டியின் கதை அது. தாய்மொழி அந்த வீட்டில் தேய்ந்துபோயிருந்தது. அரசாங்கத்தைச் சாடாமலே, ஒரு குடும்பக் கதையால் ஒரு சமுதாயத்தின் துயரை அவர் உணர்த்தினார்.

சகோதரர்களே! நாம் பிள்ளைகளுக்குக் கடையையும் மனையையும் வைத்துச் செல்கிறோம். வஸிய்யத் எழுதிய மொழி அவர்களுக்கு விளங்காவிட்டால் என்ன பயன்? தாத்தாரியரின் எழுத்தை அரசாங்கம் பறித்தது. நம் மொழியைப் பறிப்பவர் எவருமில்லை; அது போனால் நம் அசட்டையால்தான் போகும். பத்திரிகைக்குச் சந்தா செலுத்துவதும், அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுவதும் நம் கையிலேயே உள்ளன. அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.