ஏலத்தில் 3 கோடி, கையில் எவ்வளவு? கிரிக்கெட் வீரரின் ஒப்பந்தமும் வரியும்

திருவண்ணாமலையில என்னோட அலுவலகத்துக்கு வரிக் கணக்கு விஷயமா வர்ற பெற்றோர்கள்ல சிலர், வேலை முடிஞ்சதும் கிளம்பாம இன்னொரு கேள்வி கேட்பாங்க. "சார், பையன் நல்லா பந்து போடுறான். கோச் சென்னைக்கு அனுப்பச் சொல்றார். கொஞ்சம் நிலம் இருக்கு, வித்துட்டு அனுப்பலாமா?"

நிலத்தை விற்கலாமா வேண்டாமா என்பதை நான் முடிவு பண்ண முடியாது. பையனுக்குத் திறமை இருக்கான்னும் எனக்குத் தெரியாது. ஆனா இந்தத் தொழில்ல பணம் எந்த வயசுல, எந்த வழியா வருது, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கும், அதுல வரி எவ்வளவு போகும் என்பது கணக்கு. அதைச் சொல்ல முடியும். டிவியில ஏலத்தைப் பார்க்கும்போது சுத்தியல் விழுற அந்தத் தொகை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது. அதுக்கு முன்னாடி பல வருஷமும், பின்னாடி ஒரு வரிக் கணக்கும் இருக்கு.

டிராஃப்ட் வேற, ஏலம் வேற

முதல்ல வெளிநாட்டு முறை ஒண்ணைப் பார்த்துடலாம், நம்ம முறை புரிய அது உதவும். வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கிக்கு என்ஹெச்எல் என்று ஒரு லீக். 32 அணிகள். ஒவ்வொரு வருஷமும் டிராஃப்ட் நடக்கும்: 7 சுற்று, மொத்தம் 224 இளைஞர்களை அணிகள் வரிசையா தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் 18 வயசுப் பசங்க. இங்கேதான் விஷயம். டிராஃப்ட்ல பேர் வந்தா பணம் வந்துடாது. அந்தப் பையனோட ஒப்பந்தம் போடும் உரிமை அந்த அணிக்குப் போகுது, அவ்வளவுதான். அதுக்கப்புறம் முதல்நிலை ஒப்பந்தம் போட்டாத்தான் சம்பளம். 18லிருந்து 21 வயசுக்குள்ள கையெழுத்துப் போட்டா அது 3 வருஷம், சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. மேல்நிலை அணியில ஆடினா ஒரு சம்பளம், கீழ்நிலை லீக்குக்கு அனுப்பிட்டா அதைவிடக் குறைஞ்ச சம்பளம் என்று ஒரே ஒப்பந்தத்தில் ரெண்டு விலை இருக்கும். பொதுவா 27 வயசு, இல்லேன்னா 7 சீசன் ஆன பிறகுதான் எந்த அணிக்கும் போகும் முழுச் சுதந்திரம்.

ஆனா அங்கே ஒரு பாதுகாப்பு இருக்கு. பல வருஷ ஒப்பந்தத்தை அணி நடுவுல முறிச்சா மீதித் தொகையில ஒரு பங்கை வீரருக்குக் கொடுத்தே ஆகணும். 26 வயசுக்குக் கீழேன்னா மூணுல ஒரு பங்கு, அதுக்கு மேலேன்னா மூணுல ரெண்டு பங்கு. வீரர்களுக்குன்னு ஒரு சங்கம் உட்கார்ந்து பேரம் பேசி வாங்கின விதி அது.

நம்ம தமிழ்நாட்டிலேயே டிராஃப்ட் இருந்தது, பலருக்கு ஞாபகம் இருக்காது. 2016-ல் தொடங்கிய டிஎன்பிஎல்-ல முதல் சில வருஷம் டிராஃப்ட் முறையிலதான் வீரர்களைப் பிரிச்சாங்க. 2023-லதான் ஏலம் வந்தது. அந்த முதல் ஏலத்துல சாய் சுதர்சனை கோவை அணி 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போ ஐபிஎல்-ல குஜராத் அணியில அவருடைய தொகை 20 லட்சம். மாநில லீக்கில் கிடைச்சது ஐபிஎல்-ஐ விட அதிகம்!

இதுல ஒரு பாடம் இருக்கு. ஐபிஎல் ஒப்பந்தத்தை அடுத்தடுத்த சீசனுக்கு அதே தொகைக்கு நீட்டிக்கும் வாய்ப்பு அணியின் கையில. சாய் சுதர்சன் 2023 இறுதிப் போட்டியில சென்னைக்கு எதிரா 96 அடிச்சார், 2024 சீசன்ல 527 ரன் எடுத்தார். ஆனா 2022-ல் ஏலம் போன விலை 20 லட்சம்தான். 2025-க்கு தக்கவைக்கும்போதுதான் 8.5 கோடி. நல்லா ஆடின அன்னைக்கே சம்பளம் ஏறாது, அடுத்த பெரிய ஏலம் வரைக்கும் காத்திருக்கணும். பாதுகாப்புப் பக்கம் என்ஹெச்எல் அளவுக்கு இல்ல, காத்திருப்புப் பக்கம் கிட்டத்தட்ட அதே மாதிரி.

ஏணியின் கீழ்ப்படிகள்

மாவட்ட அணி, சென்னை லீக்கில் ஒரு கிளப், மாநில அணி, டிஎன்பிஎல், அப்புறம் ஐபிஎல். நம்ம ஊர்ப் பையனுக்கு பொதுவா இதுதான் வழி. பணம் கட்டிச் சேரும் வழி இதுல எங்கேயும் கிடையாது. "ரெண்டு லட்சம் கொடுங்க, செலக்‌ஷன் நான் பார்த்துக்கறேன்" என்று யாராவது சொன்னா ரசீது கேளுங்க, ஆளைக் காணோம்.

ரஞ்சி டிராபியில ஆடும் பதினோரு பேர்ல இருந்தா, 20 போட்டிக்குள்ள ஆடியிருக்கிற புதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். நாலு நாள் போட்டிக்கு 1.6 லட்சம். லீக் சுற்றில் 7 போட்டியும் ஆடினா 11.2 லட்சம். ரிசர்வ்ல உட்கார்ந்தா பாதி. கெட்ட வருமானம் இல்ல, ஆனா மாநில அணிக்குள்ள வந்த பிறகுதான் இது. ஐபிஎல் இன்னும் குறுகலான வாசல்: 2025 சீசனுக்கான பெரிய ஏலத்துக்கு 1,574 பேர் பதிவு பண்ணாங்க, விலை போனது 182 பேர்.

நடராஜன் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா பணக் கண்ணோட்டத்துல பாருங்க. சேலம் சின்னப்பம்பட்டி, டென்னிஸ் பால் கிரிக்கெட், சென்னை கிளப், 2015-ல் ரஞ்சி. உடனே பந்துவீச்சு முறையில சந்தேகம் என்று தடங்கல், திரும்ப கட்டமைச்சுக்கிட்டு 2016 டிஎன்பிஎல். 2017-ல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது, அடிப்படை விலை 10 லட்சம்தான். அடுத்த வருஷமே ஏலத்துல ஹைதராபாத் எடுத்த தொகை 40 லட்சம். 2018, 2019 ரெண்டு சீசனும் ஒரு போட்டியிலகூட ஆடலை. 2020-லதான் யார்க்கர் யார்க்கரா போட்டு இந்திய அணிக்குப் போனார். 2022-ல் 4 கோடி, 2025-க்கு டெல்லி 10.75 கோடி.

3 கோடி, அப்புறம் 40 லட்சம். இந்த இறக்கத்தைத்தான் நான் பெற்றோர்கிட்ட திரும்பத் திரும்பக் காட்டுவேன். வருண் சக்கரவர்த்தியும் அப்படித்தான்: 2019 சீசனுக்கு 8.4 கோடி, ஆடினது ஒரே ஒரு போட்டி, அடுத்த ஏலத்துல 4 கோடி. வாஷிங்டன் சுந்தர் 2022-ல் 8.75 கோடி, 2025-ல் 3.2 கோடி. கபடியில பவன் ஷெராவத்தை 2022-ல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தாங்க, முதல் போட்டியிலேயே முழங்கால் காயம். 2025-ல் அதே அணி அவரை எடுத்த விலை 59.5 லட்சம். இவங்க எல்லாருமே வெற்றி பெற்றவங்க என்பதையும் கவனிங்க.

3 கோடியில வரி

சரி, நம்ம வேலைக்கு வருவோம். ஒரு பையனை 3 கோடிக்கு எடுத்துட்டாங்க. 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை, வேற வருமானம் இல்ல, செலவும் கழிக்கலைன்னு வச்சுக்குங்க.

ஐபிஎல் அணி வீரருக்குக் கொடுப்பது சம்பளம் இல்ல, தொழில்முறைக் கட்டணம். அதனால 1961 வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவுப்படி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பாங்க. 30 லட்சம் போக 2.7 கோடி வங்கிக்கு வரும். இங்கேதான் குடும்பம் குடும்பமா ஏமாறுவாங்க. "வரி பிடிச்சுட்டாங்க சார், இது நம்ம பணம்."

இல்ல. முதல் 24 லட்சத்துக்கு படிப்படியா சேர்த்து 3 லட்சம் வரி. மீதி 2.76 கோடிக்கு 30 சதவீதம், 82.8 லட்சம். மொத்தம் 85.8 லட்சம். வருமானம் 2 கோடியைத் தாண்டினதால 25 சதவீதம் சர்சார்ஜ், 21.45 லட்சம். அதுக்கு மேல 4 சதவீதம் செஸ், 4.29 லட்சம். கூட்டினா 1 கோடியே 11 லட்சத்து 54 ஆயிரம். டிடிஎஸ்ல போனது 30 லட்சம்தான். இன்னும் 81.54 லட்சம் நீங்களே கட்டணும்.

அதையும் வருஷக் கடைசியில கட்டலாம்னு விட முடியாது. முன்கூட்டிய வரி: ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுசும். தவறினா மாசத்துக்கு 1 சதவீதம் வட்டி. ஜூன்லயே 12 லட்சத்துக்கு மேல வேணும். அந்த நேரத்துல வீடு கட்ட அட்வான்ஸ் கொடுத்து, கார் புக் பண்ணியிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

கிரிவலப் பாதையில கடை போட்டிருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு நல்லாப் புரியும். பௌர்ணமி ராத்திரி வசூல்தான் அடுத்த பௌர்ணமி வரைக்கும். கார்த்திகை தீபத்து பத்து நாள் வசூலை வச்சு வருஷ வாடகையைக் கட்டுறவங்க இருக்காங்க. தீபத்தன்னைக்கு கல்லா நிறைஞ்சிருக்குன்னு அவங்க யாரும் அதே வேகத்துல செலவு பண்றதில்ல. நான் சொல்ற முறை இதுதான்: பணம் வந்த அன்னைக்கே வரிக்குண்டான தொகையைத் தனியா ஒரு கணக்குல குறுகிய கால டெபாசிட்டா போட்டுடுங்க. மீதி 1.88 கோடியை ஒரு வருஷச் சம்பளமா பார்க்காம, குறைஞ்சது அஞ்சு வருஷத்துக்கான பணமா பாருங்க.

செலவுகளைக் கழிக்கலாம். தனிப் பயிற்சியாளர், பிசியோ, உபகரணம், பயணம், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் தொழில் செலவு. பில் இருக்கணும், வங்கி வழியா போயிருக்கணும். "44ஏடிஏ-ல பாதியை லாபமா காட்டிட்டா போதும்" என்று சிலர் ஆலோசனை சொல்றாங்க. அந்தச் சலுகை மருத்துவர், வழக்கறிஞர், எங்களை மாதிரி கணக்காளர் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்குத்தான். விளையாட்டு வீரர்களை அரசு டிடிஎஸ் பிரிவுக்காக அறிவிச்சிருக்கு, இந்தப் பட்டியல்ல இல்ல. கணக்குப் புத்தகம் எழுதணும், வரவு 50 லட்சத்தைத் தாண்டினா தணிக்கையும் உண்டு.

ஜிஎஸ்டி-யை மறந்துடாதீங்க. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினா பதிவு. அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு அமைப்புக்கு வீரர் கொடுக்கும் சேவைக்குத்தான் விலக்கு. ஐபிஎல் அணி ஒரு கம்பெனி. அதனால ஒப்பந்தத் தொகை ஜிஎஸ்டி உள்பட என்று எழுதியிருக்கா, தனியா என்று எழுதியிருக்கா என்று கையெழுத்துக்கு முன்னாடியே பாருங்க. 18 சதவீத வித்தியாசம் அந்த ஒரு வரியில இருக்கு. காயம் சம்பந்தப்பட்ட வரிகளையும் அதே மாதிரி நிதானமா படிங்க. சீசனுக்கு முன்னாடியே வேற இடத்துல அடிபட்டு வர முடியாமப் போறதும், அணிக்காக ஆடும்போது அடிபடுறதும் பண விஷயத்துல ஒண்ணு இல்ல.

பிள்ளைக்கு 18 ஆகலைன்னா

இது இப்போ கற்பனைக் கேள்வி இல்ல. 2024 டிசம்பர் மகளிர் ஏலத்துல நம்ம மதுரைப் பொண்ணு கமலினியை மும்பை அணி 1.6 கோடிக்கு எடுத்தது, வயசு 16. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி 13 வயசு வைபவ் சூர்யவன்ஷியை ராஜஸ்தான் 1.1 கோடிக்கு எடுத்தது.

சாதாரணமா மைனர் பிள்ளை பேர்ல வர்ற வருமானத்தை அப்பா அம்மாவில் அதிகம் சம்பாதிக்கிறவர் வருமானத்தோட சேர்த்து வரி போடுவாங்க. ஆனா பிள்ளை தன் சொந்தத் திறமையால சம்பாதிச்சா அது சேராது. பிள்ளை பேர்லயே பான் கார்டு, பிள்ளை பேர்லயே கணக்கு, கையெழுத்து மட்டும் பாதுகாவலர். நுணுக்கம் எங்கேன்னா, அந்தத் தொகையை டெபாசிட்ல போட்டா வர்ற வட்டி திறமையால வந்தது இல்ல. அது பெற்றோர் வருமானத்தோட சேரும். பிள்ளையோட கணக்குல வட்டியையும் காட்டி, பெற்றோர் கணக்குல விட்டுட்டா நோட்டீஸ் பெற்றோருக்கு வரும்.

கடைசியா, கோடி பேசாத பசங்களுக்கு. டிஎன்பிஎல்-ல 3 லட்சத்துக்கு ஒப்பந்தம் ஆகும் பையன்கிட்ட 30,000 ரூபாய் டிடிஎஸ் பிடிச்சிருப்பாங்க. அவனுக்கு வேற பெரிய வருமானம் இல்லேன்னா கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனா ரிட்டர்ன் போட்டாத்தான் அந்த 30,000 திரும்ப வரும். ஐடிஆர்-3 படிவம், ஒப்பந்த நகல், 26ஏஎஸ், வங்கி ஸ்டேட்மென்ட். "வருமானமே கம்மி, எதுக்கு ரிட்டர்ன்" என்று விட்டுட்டா நல்ல ஒரு கிட் பேக்கும் ரெண்டு பேட்டும் வாங்கும் காசு வருமான வரித் துறையிலேயே இருக்கும்.