ஆஞ்சியோகிராம் சோதனைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

செங்கல் சூளைகள் இருந்தமையால் பெயர் பெற்றது பிரிக்பீல்ட்ஸ். பின்னர் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகளால் அது தமிழர் நிறைந்த பகுதியாயிற்று. 2001ஆம் ஆண்டில் கே.எல். சென்ட்ரல் நிலையம் அங்கே திறக்கப்பட்ட பின்னர், தோட்டங்களிலிருந்து தலைநகருக்கு வரும் நம்மவர் பெரும்பாலும் அங்கேதான் இறங்குகின்றனர். சிலர் சேலை வாங்கவும் சிலர் கோயிலுக்குச் செல்லவும் வருகின்றனர். வேறு சிலர் கையில் ஒரு கடித உறையுடன் வருகின்றனர். மருத்துவமனைக்குச் செல்லும் நாளுக்கு முதல் நாளிரவு உறவினர் வீட்டில் தங்குவதற்காக வருபவர்கள் அவர்கள்.

அண்மையில் அத்தகைய ஒருவரைப் பிரிக்பீல்ட்ஸில் அவருடைய மகள் வீட்டில் சந்தித்தோம். நெகிரி செம்பிலானிலுள்ள ஒரு பால்மரத் தோட்டத்திலிருந்து கொம்யூட்டர் இரயிலில் வந்திருந்தார். வயது ஐம்பத்தெட்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மரம் வெட்டுபவர். மறுநாள் காலை அவருக்கு ஆஞ்சியோகிராம் சோதனை. மகள் பரிமாறிய சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்த அவர், நம்மிடம் மெதுவாகச் சொன்னார்: "நெஞ்சைப் பிளந்து பார்ப்பார்களாம் ஐயா. நல்லாயிருக்கிற உடம்பை எதற்குக் கிழிக்க வேண்டும்? காலையில் முதல் இரயிலில் தோட்டத்துக்கே போய்விடலாம் என்றிருக்கிறேன்." முன்னரும் ஒரு தேதி கொடுக்கப்பட்டு, அவர் போகாமல் விட்டுவிட்டார் என்பதை மகள் அடுக்களையிலிருந்தே சொன்னார்.

உடம்பு நல்லாயிருக்கிறது என்று அவர் சொன்னது உண்மையன்று. பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது நெஞ்சின் நடுவே கல்லை வைத்தாற்போல் அழுத்தம். அழுத்தம் இடக்கைக்கும் தாடைக்கும் பரவும். மரத்தடியில் சற்று உட்கார்ந்தால் நின்றுவிடும். ஆறு மாதம் அதைக் காற்றுப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்து வந்தார். வேலை செய்யும்போது வந்து, ஓய்ந்தால் போகும் நெஞ்சழுத்தம் காற்று என்று ஒதுக்கத்தக்கதன்று. இருதயத்துக்குப் போதிய இரத்தம் கிடைக்கவில்லை என்பதற்கு அது முதன்மையான அடையாளம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களில் பலருக்கும் இந்த வலி தெளிவாகத் தோன்றுவதில்லை. மூச்சு வாங்குதல், காரணமில்லாத களைப்பு, வியர்வை, மேல் வயிற்றில் எரிச்சல் என்று வேறு வேடமிட்டு வருவதும் உண்டு. ஓய்ந்த பிறகும் வலி நீங்காமல் கால் மணி நேரத்தைத் தாண்டுமானால் தைலப் புட்டியைத் தேடாமல் 999 என்ற எண்ணை அழைப்பதே முறை.

இனி, அந்தச் சோதனை எதைப் பார்க்கிறது என்பதைப் பால்மரத்தைக் கொண்டே விளக்கலாம். மரப்பட்டைக்குள் நுண்ணிய பால்குழாய்கள் இருப்பதை நாம் அறிவோம். காலையில் வெட்டிய மரம் சில மணி நேரத்தில் பால் விடுவதை நிறுத்திக்கொள்வது ஏன்? வெட்டுவாயில் பால் உறைந்து குழாய்களின் வாயை அடைத்துக்கொள்வதனால்தான். மரத்துக்கு அந்த அடைப்பு நன்மை. அஃதில்லையேல் மரம் வற்றிப்போகும். மனிதனின் இருதயத்திலோ கதை வேறு. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் இருதயத் தசைக்கு மூன்று முக்கியக் குழாய்கள் இரத்தம் கொடுக்கின்றன. அவற்றின் அகலம் மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவே. புகை, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றால் பல ஆண்டுகளாகக் குழாயின் சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. அந்தப் படிவு ஒரு நாள் வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்து வழி முழுவதும் அடைபட்டால், அதுவே மாரடைப்பு. எந்தக் குழாயில், எந்த இடத்தில், எவ்வளவு குறுகியிருக்கிறது என்பது வெளியிலிருந்து காதில் குழல் வைத்துக் கேட்பதால் தெரிவதில்லை. மார்பில் கம்பி ஒட்டி எடுக்கும் இ.சி.ஜி. கூடச் சில நேரங்களில் குறையின்றியே இருக்கும். ஆகவே குழாய்க்குள் சாயநீரைச் செலுத்திக் கதிர்ப்படம் எடுக்கின்றனர். ஆஞ்சியோகிராம் என்பது அவ்வளவே. நெஞ்சு பிளக்கப்படுவதில்லை. நோயாளி மயக்கத்தில் ஆழ்த்தப்படுவதும் பெரும்பாலும் இல்லை.

இந்தச் சோதனை பிறந்த வரலாறு சுவையானது. 1929ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தம் கை நரம்பின் வழியே மெல்லிய குழாய் ஒன்றைத் தாமே இருதயம் வரை செலுத்திக்கொண்டு, அந்தக் குழாயுடனேயே நடந்து சென்று கதிர்ப்படம் எடுத்துக்கொண்டார். அன்று அவரைக் கண்டித்தார்கள். 1956இல் அவருக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகர மருத்துவர் மேசன் சோன்ஸ், 1958ஆம் ஆண்டில் வேறொரு படம் எடுக்க முயன்றபோது, சாயநீர் தவறுதலாக இருதயத்தின் குழாய் ஒன்றினுள்ளேயே பாய்ந்துவிட்டது. நோயாளியின் இருதயம் சில வினாடிகள் நின்றது. இருமும்படி அவர் கத்தினார், நோயாளி இருமினார், துடிப்பு மீண்டது. அந்தத் தவறிலிருந்தே இன்றைய சோதனை உருவாயிற்று. இன்றும் சோதனையின்போது திடீரென இருமச் சொன்னால் நம்மவர் பயப்பட வேண்டியதில்லை. "பாத்தோக்" என்றால் இரும வேண்டும். "தாரிக் நாபாஸ்" என்றால் மூச்சை இழுக்க வேண்டும். "தாஹான்" என்றால் அடக்கிப் பிடிக்க வேண்டும். இம்மூன்று சொற்களையும் பிரட்டுக்களத்தில் நாம் பேசும் மலாயிலேயே அறிந்து வைத்திருக்கிறோம்.

சோதனைக்குச் செல்லுமுன் செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது மாத்திரை விஷயம். தாம் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலங்கள் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் குற்றமில்லை. பையைக் காட்டினால் போதும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபோர்மின், இன்சுலின், இரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் போன்றவற்றைச் சிலருக்கு நிறுத்தச் சொல்வார்கள். சிலருக்குச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டாருக்குச் சொன்னதைக் கேட்டு நாமாக நிறுத்துவதும் தவறு, நிறுத்தச் சொன்னதைத் தொடர்வதும் தவறு. சில மணி நேரம் பட்டினி இருக்கச் சொல்வார்கள். எத்தனை மணியிலிருந்து என்பதைத் தேதிச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. முன்னர் ஏதேனும் மருந்தோ சாயநீரோ ஒத்துக்கொள்ளாமல் தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்திருந்தால், சிறுநீரகக் கோளாறு இருந்தால், பெண்கள் கருவுற்றிருக்கக்கூடுமானால், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாயநீர் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால் இரத்தப் பரிசோதனை செய்துதான் தொடங்குவார்கள்.

மரம் வெட்டுபவர் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று தனியே உண்டு. இக்காலத்தில் பெரும்பாலும் மணிக்கட்டு நாடியின் வழியே குழாயைச் செலுத்துகின்றனர்; இயலாவிடில் தொடையிடுக்கில். பொதுவாக வலக்கை மணிக்கட்டையே தேர்வார்கள். கத்தி பிடிக்கும் கை எது என்பது நம்முடைய பிழைப்பு. ஆகவே, "நான் மரம் வெட்டுபவன், இந்தக் கையால்தான் கத்தி பிடிக்கிறேன்" என்று மருத்துவரிடம் கூறுவதில் வெட்கமில்லை. மற்றக் கை பொருந்துமா என்று அவர் பார்ப்பார். பொருந்தாவிட்டால் ஏன் என்று சொல்வார். கேட்பதற்கு நாம் தயங்குவதாலேயே நமக்குத் தெரியாமல் போகும் செய்திகள் பல.

ஒப்புதல் தாள் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். சொத்து எழுதிக் கொடுக்கும் பத்திரத்தைப் போல அதைக் கண்டு பலர் மிரள்கின்றனர். அதில் தீங்குகள் எழுதப்பட்டிருக்கும். மறைக்காமல் சொல்வதானால், குத்திய இடத்தில் இரத்தக் கட்டும் வீக்கமும் சிலருக்கு வருவதுண்டு. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருந்தீங்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. உயிரிழப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு. அவர்களுள்ளும் பெரும்பாலோர் முன்னரே மிகவும் நோயுற்றவர்கள். குறுகிய குழாயைக் கண்டால் அப்போதே விரித்துவிடவும் அதே தாளில் ஒப்புதல் கேட்பது உண்டு. அதற்குச் சம்மதமா என்பதை முதல் நாளே வீட்டாருடன் பேசி முடிவு செய்துகொள்வது நலம். மேசைமேல் படுத்துக்கொண்டு முடிவு செய்வது கடினம்.

சோதனை அறை குளிராக இருக்கும். மேலே கதிர்ப்படக் கருவி ஒன்று வளைந்த கைபோல் தொங்கி, நம்மைச் சுற்றிச் சுழலும். மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி ஒன்று போடுவார்கள். வலி என்று சொல்லத்தக்கது அதுதான். அதன் பின்னர் இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய் கைவழியே இருதயம் வரை செல்கிறது. நாடியின் உட்புறத்தில் உணர்ச்சி இல்லாமையால் அது போவது தெரிவதில்லை. சிலருக்குக் கை சற்று இறுகினாற்போல் இருக்கும். சாயநீர் இடப்பக்கத்து அறைக்குள் பாயும்போது உடம்பெங்கும் வெந்நீர் ஊற்றியது போன்ற சூடு பரவி, சிறுநீர் கழிந்துவிட்டதோ என்ற ஐயமும் எழும். கழிந்திருக்காது. அரை நிமிடத்தில் அது அடங்கும். முழு வேலையும் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்; குழாயை விரிக்க நேர்ந்தால் இன்னும் நீளும். விழித்திருப்பதால் திரையில் நம் இருதயத்தையே நாம் காணலாம். இலையுதிர்ந்த மரக்கிளை போல் கருங்கோடுகள் துடிப்பதைப் பார்க்கலாம். நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால், பல்லைக் கடித்துப் பொறுக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

முடிந்த பின் மணிக்கட்டில் இறுக்கமான பட்டை கட்டிச் சில மணி நேரத்தில் படிப்படியாகத் தளர்த்துவார்கள். தொடைவழி செய்தவர் காலை மடக்காமல் நான்கைந்து மணி நேரம் மல்லாந்து கிடக்க வேண்டும். இடையில் எழுந்து கழிப்பறைக்குப் போனால் இரத்தம் பெருகக்கூடும். தண்ணீர் குடிக்கத் தடை இல்லாதவர் நிறையக் குடிக்க வேண்டும். வீடு திரும்பிய பிறகு குத்திய இடத்தில் இரத்தம் வந்தால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பத்து நிமிடத்தில் நிற்காவிட்டாலும், வீக்கம் வளர்ந்தாலும், கை குளிர்ந்து மரத்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

படம் மூன்றிலொரு முடிவைத் தரும். குறுகல் குறைவாயின் மருந்து மட்டும் போதும். ஓரிரு இடங்களில் மிகுதியாயின், சிறு பலூனால் விரித்து, ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாயை உள்ளே நிறுத்துவார்கள். பலூன் முறையை 1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் தொடங்கி வைத்தார். பல குழாய்கள் கெட்டிருந்தால் மாற்றுவழி அமைக்கும் அறுவைச் சிகிச்சை. எது வேண்டும் என்பது படம் பார்த்த பிறகே தெரியும். ஆகவே சோதனைக்குப் போகிறவர் அறுவைக்குப் போகிறவர் அல்லர்.

எங்கே செய்வது என்பது தோட்ட மருந்தகமோ மாவட்ட மருத்துவமனையோ தரும் பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தது. 1992ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய இருதயக் கழகம் கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ளது. செர்டாங்கிலுள்ள சுல்தான் இட்ரிஸ் ஷா மருத்துவமனையிலும், லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இருதயப் பிரிவுகள் உண்டு. தேசிய இருதயக் கழகத்துக்குப் பிரிக்பீல்ட்ஸில் தங்குபவர் மோனோரெயிலில் ஏறிக் கடைசி நிலையமான தித்திவங்சாவில் இறங்கலாம். செலவு எவ்வளவு, எது இலவசம், எதற்குச் சொக்சோ உதவும் என்பதை மருத்துவமனையின் சமூகநல அதிகாரியிடம் தேதிக்கு முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் சந்தித்த பெரியவர் மறுநாள் முதல் இரயிலில் ஏறவில்லை. மகள் துணையுடன் சோதனைக்குச் சென்றார். இரண்டு குழாய்கள் நன்றாக இருந்தன. மூன்றாவது மிகவும் குறுகியிருந்தது. அப்போதே ஸ்டென்ட் வைத்தார்கள். இடக்கை வழியாகத்தான் செய்தார்கள், அவரே கேட்டிருக்கிறார். இரு நாள் கழித்துப் பிரிக்பீல்ட்ஸில் மீண்டும் பார்த்தபோது, அவருக்கிருந்த ஒரே கவலை எப்போது மரம் வெட்டப் போகலாம் என்பதே. ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது, பிறகு வந்து காட்டிவிட்டுப் போ என்று மருத்துவர் விடுப்புச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கூடவே இரத்தம் உறையாமலிருக்க இரண்டு வகை மாத்திரைகள். மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை, பலருக்கு ஓராண்டு வரையிலும், அவற்றை ஒரு நாளும் விடக் கூடாது. விட்டால் புதிய வலைக்குழாயிலேயே இரத்தம் உறைந்து அடைத்துவிடக்கூடும். பல் பிடுங்கப் போனாலும் பல் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிடும் காலத்தில் கத்தி கையில் பட்டால் இரத்தம் எளிதில் நிற்காது என்பதையும் சொல்லியிருந்தார்கள். பெரியவர் மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தோட்டத்துக்குப் போனதும் மருந்தகத்தில் கட்டுத்துணி கேட்டு வாங்கிக் கத்தி உறையோடு வைத்துக்கொள்ளப் போவதாக நம்மிடம் கூறினார்.