ஈறுகளில் இரத்தம் கசிவது ஏன்?

பல் துலக்கும்போது எச்சிலுடன் இரத்தம் கலந்து வருவதை நம் கிராமங்களில் பலர் பொருட்படுத்துவதில்லை. “உடம்பில் சூடு மிகுந்துவிட்டது” என்று கூறி, மோர் அருந்திவிட்டு வயலுக்குச் சென்றுவிடுகின்றனர். வேறு சிலரோ அஞ்சி, இரத்தம் வரும் இடத்தைத் துலக்குவதையே நிறுத்திவிடுகின்றனர். இவ்விரண்டுமே தீங்கு தருவன. பயிரின் இலை மஞ்சளித்தால் காரணம் தேடும் உழவர், தம் உடல் காட்டும் குறியைப் புறக்கணித்தல் தகாது. ஆகவே, இதன் காரணங்களை முறையாக அறிந்துகொள்வோம்.

முதற் காரணம்

ஈறும் பல்லும் சேருமிடத்தில், கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் நிறைந்த மெல்லிய அழுக்குப் படலம் நாள்தோறும் படிகிறது. அதனை அகற்றாவிடில் ஈறு சிவந்து வீங்கி, சிறிது தொட்டாலும் இரத்தம் கசிகிறது. ஈறுகளில் இரத்தம் வருவதற்கு மிகப் பொதுவான காரணம் இதுவே.

1965ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டில் அறிஞர்கள் இதனைச் சோதித்துக் காட்டினர். நல்ல ஈறுகளை உடைய 12 பேர், பல் துலக்குவதை நிறுத்திவைத்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலையை அடைந்தன. எனவே, இரத்தம் வரும் இடத்தை மென்மையாகவும் தவறாமலும் துலக்குதலே முறையாகும்.

காறையும் எலும்பும்

நீக்கப்படாத அழுக்கு நாளடைவில் இறுகிக் காறையாகிறது. பிறகு அது தூரிகைக்கோ குச்சிக்கோ அசையாது. பல் மருத்துவரே கருவி கொண்டு நீக்க வேண்டும். காறையை எடுத்தால் பல் ஆட்டம் காணும் என்பது தவறான எண்ணம். உண்மையில், அழற்சி ஆழமாகப் பரவும்போது பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. வரப்பின் மண் கரைந்தால் அதன்மேல் நிற்கும் தென்னை சாய்வதுபோலப் பல்லும் ஆடி விழுகிறது. கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை.

செங்கற்பொடி, அடுப்புக்கரி, மணல் ஆகியவற்றால் அழுத்தித் தேய்ப்பதும் ஈறுகளைப் புண்படுத்தும். புகையிலைப் பழக்கம் ஈறு நோயை வளர்க்கிறது. அன்றியும், புகை பிடிப்போரின் ஈறுகளில் இரத்தக் கசிவு குறைந்தே காணப்படும். நோய் உள்ளே முற்றியிருக்க, வெளியே குறி தோன்றாது. ஆதலால் அவர்கள் இரத்தம் வரவில்லை என்று மனநிறைவு கொள்ளலாகாது.

உணவுக் குறை

வைட்டமின் ‘சி’ மிகவும் குறைந்தால் ஈறு வீங்கிக் குருதி கசியும். முற்காலத்தில் நெடுங்கடல் செல்லும் மாலுமிகள் பலர் இந்நோயால் மாண்டனர். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். நமக்கோ நெல்லி, கொய்யா, எலுமிச்சை, முருங்கைக்கீரை ஆகியவை வீட்டருகிலேயே கிடைக்கின்றன. நெடுநேரம் வேகவைத்தால் இச்சத்து அழிந்துவிடும் என்பதை நினைவிற்கொள்க.

பிற நோய்களின் அறிகுறி

நீரிழிவு உடையோருக்கு ஈறு நோய் எளிதில் முற்றுகிறது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. கர்ப்பிணிகளுக்கு உடலில் நேரும் மாறுதல்களால் ஈறு வீங்கி இரத்தம் வரலாம். அக்காலத்தில் துலக்குவதை நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இருதய நோய்க்காக இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கும் கசிவு உண்டாகலாம். அவர்கள் தாமாகவே மருந்தை நிறுத்துதல் ஆபத்தாகும். அரிதாக இரத்தப் புற்றுநோயும் இவ்வாறு வெளிப்படும்.

காய்ச்சலுடன் ஈறில் இரத்தம் வந்தால் அது டெங்குவின் அபாயக் குறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கலாகாது; அவை இரத்தப்போக்கை மிகுவிக்கும்.

நாம் செய்ய வேண்டுவன

1. காலையிலும் இரவு உறங்குமுன்னும் மென்மையான தூரிகையால் 2 நிமிடங்கள் துலக்குக.
2. வேப்பங்குச்சி பயன்படுத்துவோர் நுனியை நன்கு மென்று நாராக்கி, ஈறைக் கீறாமல் தேய்க்க.
3. புகையிலையை விட்டொழிக்க.
4. இரண்டு வாரம் முறையாகத் துலக்கியும் இரத்தம் நிற்காவிடில், பல் ஆடினால், அல்லது ஈறில் சீழ் வந்தால் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரை நாடுக. 30 வயதைக் கடந்தோர் சர்க்கரைச் சோதனையும் செய்துகொள்க.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. கிராம சபை கூடும் நாட்களில் இச்செய்தியை எடுத்துரைக்கலாம். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குழந்தைகள் முறையாகப் பல் துலக்கப் பழக ஏற்பாடு செய்யலாம். பள்ளி வளாகத்திலும் ஊர்ப் பொது நிலத்திலும் நெல்லி, கொய்யா, முருங்கை மரங்களை நட்டு வளர்க்கலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பல்லை இழந்த முதியவர் கடலையையும் கரும்பையும் விட்டுக் கஞ்சியோடு காலம் கழிக்கும் நிலை நம் ஊர்களில் குறைய வேண்டுமாயின், ஈறில் தோன்றும் முதற் சொட்டு இரத்தத்திலேயே நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.